பேய்ச்சந்துப் பனி

என் மனைவி அஃப்ராவைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வந்து பிரயோசனமில்லை. மலைக்குத்தான் போக வேண்டும். நானும் ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே இதே தீரோல் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவன்தான், ஆனால் மலையை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. மின்கம்பம் ஏறுவது என் பிழைப்பு. அதற்கு மேல் ஏற ஆசையில்லை. கல்யாணத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டேன். "நல்லதாப் போச்சு, வீட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல" என்றாள். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவளுக்குக் கூட்டுறவுப் பால் பண்ணையில் வேலை. விடிவதற்கு முன்பே போய் செப்பு அண்டாவில் பாலைக் காய்ச்சிக் கிளறி, பாலாடைக்கட்டியை அச்சில் ஏற்றினால் மதியத்துக்குள் முடிந்துவிடும். அதன்பிறகு அவள் மலைக்குச் சொந்தம். குளிர்காலத்தில் சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு ஏறி, சறுக்கி வருவாள். கோடையில் சைக்கிள், சைக்கிள் போகாத இடத்தில் நடை. இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் அலைகிறார்கள், அதனால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அஃப்ராவின் பைத்தியம் வேறு. அதற்குக் காரணம் ரோமேட்.

ரோமேட் அவளுடைய பெரியப்பா மகன். மாடு வளர்ப்பவன், கட்டைப் பிரம்மச்சாரி. இருவருக்கும் இருபது வயதுகூட ஆகாதபோது ஊர் மதுவிடுதியில் பலர் முன்னால், "மாசம் தவறாம வருஷம் பூரா சறுக்குறது பொட்டப்புள்ளைங்களுக்கு ஆகாது" என்று சொல்லியிருக்கிறான். "யாரு முதல்ல ஒரு மாசத்தை விடுறாங்கன்னு பாப்போமாடா?" என்றாளாம் இவள். ஆரம்பித்தது அப்படித்தான். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

சட்டங்களும் அவர்களே போட்டுக்கொண்டவை. காரில் போய், கம்பி வண்டியில் தொங்கி, பனியாற்றின் மேல் இறங்கிச் சறுக்குவது செல்லாது. சொந்த வாசலிலிருந்து சொந்தக் காலில் கிளம்ப வேண்டும். நம் ஊர் மலைப் பனியாக இருக்க வேண்டும். இடம், வலம், இடம் என்று மூன்று வளைவாவது வளைந்தால்தான் சறுக்கு. குளிரிலும் வசந்தத்திலும் சிரமமில்லை. கோடை முடியும்போதுதான் வம்பு. அப்போது பேய்ச்சந்தில் மட்டும் பனி மிஞ்சியிருக்கும். வடக்குப் பாறைக்குப் பின்னால் வெயிலே படாத ஒரு இடுக்கு அது. குளிர்காலத்தில் சரிந்து விழுந்த பனி, கல்லும் தூசியும் அப்பிக் கறுத்துக் கிடக்கும். எங்கள் கூடத்தின் அளவுகூட இருக்காது. அதில் மூன்று வளைவு வளைய அவள் காலையில் பலகைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அந்தி சாயும்போது திரும்புவாள்.

எங்கள் மகள் வயிற்றில் இருந்தபோதும் அஃப்ரா போனாள். அவள் அம்மா இறந்த மாதம், அடக்கம் முடிந்த மதியமே கறுப்பு உடையோடு கிளம்பினாள். "இன்னைக்காவது சும்மா இரேன்" என்றேன். "ரோமேட் போயிட்டு வந்துட்டான்" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் அவள் அதற்குள் தெரு வளைவைத் தாண்டிவிட்டாள். இருவரும் சேர்ந்து போவதில்லை. "இந்த மாசம் ஆச்சு" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் நம்பிவிடுவார். பொய்யாக இருக்குமோ என்று இருவருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியிருக்கிறது.

போன ஆகஸ்ட் கடைசியில் ரோமேட்டுக்கு நெஞ்சு வலி வந்தது. எங்கள் ஊரில் கடைசி மாட்டுக் கொட்டகையைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் யாரும் யாருக்கும் 'நீங்க' கிடையாது. நீதிபதியும் அங்கே 'நீ'தான். கீழே இறங்கினால் மரியாதை திரும்பி வந்துவிடும். டாக்டரம்மாவும் மலையேறுகிறவர்தான், ஆனால் மருத்துவமனையில் அவர் வாயிலிருந்து 'நீங்க' தவிர எதுவும் வராது. அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, "ரோமேட், இனிமே நீ மேல ஏறினா பொணமாத்தான் இறங்குவ" என்றாராம்.

"வலியெல்லாம் கூட பரவால்ல. அந்தம்மா நீன்னு சொன்னதும்தான் பயமே வந்துச்சு" என்றான் ரோமேட் என்னிடம்.

அன்றிரவு சாப்பிடும்போது, "அப்ப நீ ஜெயிச்சுட்ட" என்றேன் அஃப்ராவிடம். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்றாள். நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் உண்மையும் அதுதான். செப்டம்பரில் அவள் ஒருமுறை சறுக்கிவிட்டால் போதும், தலை நரைக்கும்வரை இழுத்த பந்தயம் முடிந்துவிடும்.

செப்டம்பரில் மழை ஓயவே இல்லை. மண் சரிந்ததால் காட்டுப்பாதையை மூடிவிட்டார்கள். மாதத்தின் கடைசி நாளில்தான் திறந்தார்கள். முந்தின நாள் ரோமேட் போன் செய்து, "நாளைக்குப் போயிட்டு வந்துருடி. எனக்காகப் பாவம் பாத்து வீட்டுல உக்காந்தேன்னா செருப்பால அடிப்பேன்" என்றான். "உனக்கு யாருடா பாவம் பாக்குறது?" என்று வைத்துவிட்டாள்.

நான் எழுந்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். மாலையில் போன். "ரோமேட் வீட்டுக்கு வா. மண்வாரி எடுத்துட்டு வா."

போனேன். முற்றத்தில் அவள் சைக்கிள், அதன் பின்னால் சிறு இழுவண்டி. அதில் ஆட்டுத்தோல் சுற்றிய பெரிய பால் கேன். அவள் முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே கறுத்துப் போன பனி. பேய்ச்சந்திலிருந்து பாதை தொடங்கும் இடம்வரை அந்தக் கேனை முதுகில் கட்டிச் சுமந்து இறக்கியிருக்கிறாள். கொட்டகைக்கு வைக்கோல் ஏற்றும் புல் சரிவில் மூன்று வளைவாகப் பனியைக் கொட்டச் சொன்னாள். கொட்டி, மண்வாரியால் தட்டினேன்.

ரோமேட் வெளியே வந்தான். "என்னடி கூத்து இது?"

"உன்னால பேய்ச்சந்துக்கு வர முடியலையாம். அதான் அதுவே வந்திருக்கு."

"இது செல்லாது. வாசல்ல இருந்து சொந்தக் காலுல போகணும், அதான் சட்டம்."

"போயேன், யாரு உன்னைத் தூக்கிட்டுப் போறேன்னாங்க? அதோ வாசல். கால் ரெண்டும் இருக்குல்ல?"

"மலை எங்கடி?"

"இது நம்ம மலைப் பனிதானே? இல்ல ஊரான் வீட்டுப் பனியா? எவ்வளவு உசரத்துல கிடக்கணும்னு நீ என்னைக்காவது சட்டம் போட்டியாடா?"

அவன் குனிந்து பனியைக் கையால் அழுத்திப் பார்த்தான். பிறகு உள்ளே போய்ப் பூட்ஸ் மாட்டி, பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்து வந்தான். இடம், வலம், இடம். கடைசியில் எருக்குழி ஓரம் போய் உட்கார்ந்தான். சிரிப்பாகத்தான் இருந்தது. நான் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்.

"இன்னும் நீ ஜெயிக்கலடி!" என்று கத்தினான். பிறகு இழுவண்டியைப் பார்த்தான். சைக்கிளைப் பார்த்தான். "உன் பலகை எங்க?"

"வீட்டுல தொங்குது."

"அப்ப நீ மேல சறுக்கலையா?"

"கேனையும் வச்சுட்டு அதையும் எங்க கட்டுறது? முதுகு ஒண்ணுதானே இருக்கு."

"நான் ஓடிப் போய் எடுத்துட்டு வரேன்" என்றேன். மலைக்கு எதிரான என் கொள்கையையெல்லாம் அந்த நேரம் மறந்துவிட்டேன். ஆனால் சரிவில் பனி இல்லை. அவன் சறுக்கியதில் தேய்ந்து ஈரப்புல் மட்டும் கிடந்தது.

ரோமேட்டுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அறிவு கெட்டவளே! உன்னை ஜெயிக்கணும்னு எத்தனை வருஷம் மழையிலயும் இடியிலயும் ஏறியிருப்பேன்! இப்படியா என்னை ஜெயிக்க விடுவ?"

"கணக்குன்னா கணக்குதான். நான் செப்டம்பரை விட்டுட்டேன். நீ ஜெயிச்சுட்ட." சொல்லிவிட்டு மாட்டுத் தொட்டியில் கேனைக் கழுவினாள். மறுநாள் பண்ணைக்கு அது வேண்டும்.

அக்டோபர் நடுவில், வழக்கத்துக்கு மாறாக, ஊருக்குள்ளேயே பனி கொட்டியது. அஃப்ரா முதல் நாளே வீட்டுக்குப் பின்னால் சறுக்கிவிட்டு வந்தாள். டாக்டரம்மாவும் ரோமேட்டிடம், "முற்றத்துல மெதுவா சறுக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தார். அவன் முற்றத்தில் முழங்கால் அளவு பனி கிடந்து, மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. அதில் கோழிக்கால் தடம் மட்டும் இருந்தது.

மாதத்தின் கடைசி மாலை அவளோடு நானும் போனேன். ரோமேட் அடுப்பருகில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். பலகைகள் சுவரில் இருந்தன. அவற்றின் மேல் சிலந்தி வலை.

"என்னடா, இன்னும் சறுக்கலையா? இன்னைக்கு விட்டா மாசம் போச்சு!"

"தெரியும்."

"வாசல்லயே கிடக்குடா பனி!"

"கண்ணு தெரியாதவனா நான்? கதவைச் சாத்து, குளிருது." கத்தி உருளைக்கிழங்கை விட்டு நகரவில்லை. "ரெண்டு பேருமே விட்டாச்சு. உக்காரு, சாப்பிட்டுப் போகலாம்."

அஃப்ரா கதவைச் சாத்தினாள். கையுறையைக் கழற்றி மேசை மேல் எறிந்தாள். பிறகு அவனுக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தை மறைக்காமலே அழுதாள். அவள் அம்மாவின் அடக்கத்தில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. ரோமேட் இன்னொரு கத்தியை அவள் பக்கம் தள்ளினான்.