துரை இல்லாத பெந்தோட்டை

இலங்கையின் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் தோட்ட அதிகாரியான துரைக்குக் கார் ஓட்டிய ஆண்டியப்பன், பதினேழு வருசம் துரை குடும்பத்தைப் பெந்தோட்டைக் கடற்கரை வாடகை வீட்டுக்குக் கூட்டிப்போனவர். அங்கே அவர் படுத்ததெல்லாம் கார் கொட்டகையில். 1961இல் வேலையை விட்டதும், மழைக்காலம் என்று ஆள் வராத வைகாசியில் அதே வீட்டை மூன்று நாளைக்கு எடுத்து, மனைவி மீனம்மாவோடும் மகள் குடும்பத்தோடும் ரயிலில் போய் இறங்கினார்.

கதவைத் திறந்த காவல்காரர் வெளியே எட்டிப் பார்த்து, "துரை எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இந்தத் தடவை நாங்கதான் வந்திருக்கோம்." ஆண்டியப்பன் பெட்டியைக் கையில் பிடித்தபடியே சொன்னார்.

காவல்காரர் கதவை அகலத் திறந்தார். பிறகு பெட்டியை வாங்கி, துரை தங்கும் முன்னறைக்குக் கொண்டுபோனார்.

மீனம்மா கடலைப் பார்த்ததே அன்றுதான். "இம்புட்டுத் தண்ணியா? ஒரு நாளும் சொல்லலியே நீங்க."

"நான் எங்க பார்த்தேன்? காரைக் கழுவவே நேரம் சரியா இருந்துச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனையும்வரை இறங்கினார்.