அப்பாவைத் திட்ட ஆங்கிலம்

ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வசதி இருந்தது. அப்பா செய்வது கொடுமை என்று தமிழில் சொன்னால் முதுகில் விழும். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் அவருக்குச் சந்தோஷம். ஃபேக்டரியில் மேலதிகாரிகளின் ஆங்கிலத்துக்குத் தலையாட்டியே காலம் தள்ளியவர். பிள்ளைகள் அந்த மொழியில் எதிர்த்துப் பேசினால் பூரித்துப் போவார்.

படம் பாதியில் இருக்கும்போதே டி.வி.யை அணைப்பார். நான் "டூ மச்" என்பேன். ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் எழுப்புவார். அக்கா "டார்ச்சர்" என்பாள். தம்பி ஏதோ போலீஸ் படத்தில் பொறுக்கி வந்த "தேர்ட் டிகிரி"யை விளக்கெண்ணெய் குடிக்கிற அன்றைக்கு எடுத்து விடுவான். மூக்கைப் பிடித்து எண்ணெயை ஊற்றி முடித்துவிட்டுத்தான் அப்பா அவனைப் பாராட்டுவார். "எம் புள்ளைங்க என்னை இங்கிலீஷ்லதான் திட்டும்" என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு. எங்கள் ஆங்கிலம் வளர்ந்ததே தவிர, டி.வி. ஒரு நிமிஷம் கூடுதலாக ஓடியதில்லை.

இப்படி இருக்கும்போது அக்காவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். திரும்பி வர இருட்டிவிடும், போகக் கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். அக்கா டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்த்து வைத்திருந்த ஆங்கிலம் அத்தனையையும் அன்றைக்குக் கொட்டினாள்.

"யூ ஆர் வெரி குரூயல், அப்பா! இட் இஸ் இன்ஹியூமன்!"

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இன்ஹியூமனா? புதுசா இருக்கே. இன்னொரு தடவை சொல்லு" என்றார் அப்பா.

எனக்கு அவர் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டும் போலிருந்தது.

அம்மா பூந்தமல்லிக்காரி. ஆங்கிலம் தெரியாது. அதுவரை அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதும் கிடையாது. மாவுக் கையோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"பெத்த பொண்ண இன்னாத்துக்கு இப்டி வதைக்கிறீங்க? அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

அப்பாவின் முகம் செத்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு புது டிபன் பாக்ஸ் இருந்தது. அதை அக்கா பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவரே அக்காவை சைக்கிளில் உட்காரவைத்து பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப் போனார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாயந்திரம் இங்கயே நிக்கிறேன், பயப்படாதே" என்றாராம். பயந்து போயிருந்தது அவர்தான் என்றாள் அக்கா.