அட்டவணையில் இருந்த நைட்ரேட்

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். கூடவே சர்வீஸ் லேர்னிங் திட்டமும் என் பொறுப்பு. மாணவர்கள் ஒரு கிராமத்துக்குப் போய்ப் படித்ததைப் பயன்படுத்துவார்கள். அதில் என்ன கற்றார்கள் என்று பார்த்து நான் மார்க் போட வேண்டும்.

ஒரு வருடம் தேவதானம் பக்கத்து ஊர் ஒன்றில் கிணற்றுத் தண்ணீரை டெஸ்ட் செய்தோம். ஐந்து பேர் குழு. நாலு பேர் ரிப்போர்ட்டை பைண்டிங் செய்தே கொடுத்துவிட்டார்கள். முத்துமாரி மட்டும் தரவில்லை.

"ஃபெயில் போட்டுருங்க மேடம். ரூல்னா ரூல்தான்" என்றார் துறைத் தலைவர்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஊர்ல ரிசல்ட்டச் சொல்லிட்டு எழுதுவோம்னு இருந்தேன் மேம். எப்பப் போனாலும் கிணத்தடி வீட்டுக்காரவிய காட்டு வேலைக்குப் போயிருதாக. நேத்துத்தான் பாக்க முடிஞ்சது."

சாக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். இருந்தாலும் மறுநாள் பஸ் ஏறினேன்.

கிணற்றை ஒட்டிய வீட்டில் மாரீஸ்வரி என்ற பெண் கைக்குழந்தையோடு நின்றாள். "தண்ணி புடிச்சுட்டுப் போன பிள்ளைகள்ல ஒண்ணுதான் டீச்சர் திரும்பி வந்துச்சு. இதுல நைட்ரேட்டு கூடுதலாம். இவனுக்குப் பால் பவுடர் கரைக்க வேண்டாம்னுச்சு. காய்ச்சித்தானே குடுக்கேன்னேன். காய்ச்சுனா இன்னும் கூடத்தான் செய்யும்க்கான்னுச்சு. இப்ப இவனுக்கு மட்டும் டேங்க் தண்ணிதான்."

அந்த நைட்ரேட் அளவு நாலு ரிப்போர்ட்டிலும் அட்டவணையில் இருந்தது. டிக் அடித்தது நான்தான். அந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை.

மறுநாளே ஐந்து பேருக்கும் வைவா வைத்தேன். "இந்த நைட்ரேட்டால யாருக்கு ஆபத்து?" என்றேன். நால்வரும் அனுமதிக்கப்பட்ட அளவை ஒப்பித்தார்கள். முத்துமாரி, "கைப்பிள்ளைக்கு மேம்" என்று ஆரம்பித்து, ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோக முடியாமல் போவது வரை சொன்னாள்.

வைவாவில் துறைத் தலைவரும் இருந்தார். முடிந்ததும், "ரிப்போர்ட்டுக்கு மூணு நாள் குடுங்க. லேட்டுக்கு மார்க்கக் குறைச்சுக்கோங்க" என்றார். குறைத்தேன். அப்படியும் குழுவில் அவளுக்குத்தான் அதிகம்.

அந்த நால்வரையும் கூட்டிக்கொண்டு அதே வாரம் அந்த ஊருக்குப் போனேன். கைக்குழந்தை இருக்கும் வீடு ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த செமஸ்டரிலிருந்து பாதி மார்க்தான் ரிப்போர்ட்டுக்கு. மீதி, ஊரில் சொல்லிப் புரியவைத்ததற்கு. புரிந்ததா என்று நானே போய்க் கேட்பேன்.

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாணவர் கற்றாரா என்று தெரிய, ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அந்த ஊருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அதன் பிறகு மார்க் போடக் கை தயங்காது.