எதிர் வேட்பாளருக்கு என் ஆசீர்வாதம்

நான் எண்ணூறு மீட்டர் ஓடிய காலத்தில், எங்கள் தீவில் ஒரு பெண்பிள்ளை ஓடினால் யார் துரத்துகிறார்கள் என்று பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். மாநில அளவில் பதக்கம் வாங்கிய பிறகுதான், யாரும் துரத்தாமலே நான் ஓடுகிறேன் என்று நம்பினார்கள். அந்தப் பதக்கம் எனக்கு உடற்கல்வி ஆசிரியை வேலையை வாங்கித் தந்தது. கடற்கரைப் புறம்போக்கில் கிடந்த பொட்டல்தான் எங்கள் மைதானம். கருவேல முள்ளை வெட்டி, நண்டு வளையை மூடி, சுண்ணாம்புக் கோடு போட்டு, காலையும் மாலையும் பிள்ளைகளை விரட்டினேன். பணி ஓய்வுக்குப் பிறகும் விரட்டினேன். வீட்டில் இருந்தால் வீட்டுக்காரரை விரட்ட வேண்டியிருக்கும். அவருக்கு முழங்கால் வலி.

அந்தப் பொட்டலுக்குத்தான் ஆபத்து வந்தது. தனுஷ்கோடி பார்க்க வரும் வேன்களை அங்கே நிறுத்தலாம், சுற்றிலும் கடை கட்டலாம் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அதையே வாக்குறுதியாகச் சொல்லி ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒருவன் நின்றான். அவன் என் மாணவன். நான் பழக்கியதிலேயே நல்ல ஓட்டக்காரன். அதே மண்ணில் ஓடியவன் அதன் மேல் வேனை ஏற்றப் பார்க்கிறானே என்ற கோபத்தில் நானும் மனுத்தாக்கல் செய்துவிட்டேன்.

ஓட்டுக் கேட்பது எனக்கு வரவே இல்லை. கும்பிடப் போன கை இடுப்புக்குப் போனது.

"ஓட்டு அன்னைக்கு காலையில ஏழு மணிக்கெல்லாம் வரிசையில நிக்கணும், தெரிஞ்சதா?" என்றேன்.

மருமகன் எடுத்துவிட்ட என் பழைய பிள்ளைகள்கூட "சரி டீச்சர்" என்று விறைப்பாக நின்றார்கள். ஒருவர் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு தெரு முனையில் அவன் கூட்டமும் என் கூட்டமும் நேருக்கு நேர் வந்துவிட்டன. அவன் நேராக வந்து என் காலில் விழுந்தான். போட்டிக்கு முன்னால் அப்படிச் செய்வது என் பிள்ளைகளின் வழக்கம். குனிந்த முதுகைக் கண்டதும் என் கை தானாகப் போய்த் தட்டியது. வாயும் தானாகச் சொல்லிவிட்டது.

"பயப்படாமப் போ. ஜெயிச்சிட்டு வா."

இரண்டு பக்கத்து மேளமும் நின்றுபோனது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டி, நீ யாருக்கு ஓட்டுக் கேக்க வந்த?"

யாரோ அதைப் படம் பிடித்திருக்கிறார்கள்; சாயங்காலத்துக்குள் எல்லார் செல்போனிலும் ஓடியது. மறுநாள் அவனுடைய பிரசார ஆட்டோ, "டீச்சரே வாழ்த்திய வேட்பாளர்!" என்று முழங்கிவிட்டு என் குரலையே போட்டது. என் வீட்டு வாசலில் மட்டும் நின்று நிதானமாகப் போட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொட்டல் என் வாயாலேயே போய்விடும் போலிருந்தது.

மீன்காரத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு நடந்து போனபோது, அங்கே மீன் விற்கும் பெண்கள் நேராகவே கேட்டார்கள். "ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீக?"

"ஓடப் போற பிள்ளையப் பாத்து, தோத்துட்டு வான்னா சொல்லுவாக?" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருத்தி சொன்னாள்: "என் மகளும் அங்கனதான் ஓடுறா. நீங்க பொட்டல விட்றாதீக."

கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன். மாலை விழுந்தது, வெடி வெடித்தது. என் கண் அவனைத்தான் தேடியது. ஓட்டு எண்ணிய கட்டிடத்தின் மதிலோரம் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். தோற்ற பிள்ளையைத் தனியாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. மாலையோடு அவனிடம் போனேன்.

"ஏலே, எங்கன விட்டன்னு தெரியுதா?"

"தெரியல டீச்சர்."

"கடைசி மூணு நாளு. ஆட்டோவ அனுப்பிட்டு நீ வீட்ல உக்காந்துட்ட. மீன்காரத் தெருவுக்கு ஒரு தடவையாச்சும் நடந்து போனியா? ஜெயிச்சாச்சுன்னு நெனச்சு கடைசிச் சுத்துல மெதுவாப் போறது உனக்கு அப்பயிருந்தே உள்ள வியாதி."

வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "அவன் எதிராளிடி!"

அவனோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டான். முகம் தெளிந்துவிட்டது.

"அடுத்த தேர்தல்ல விட மாட்டேன் டீச்சர்."

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்தது. அடுத்த நிமிடமே, அடுத்த தேர்தலிலும் அவன் ஓடப்போவது எனக்கு எதிராகத்தான் என்பது உறைத்தது. அவன் சொன்னால் செய்வான். அப்படித்தான் அவனைப் பழக்கி வைத்திருக்கிறேன்.