கெட்டிமேளத்துக்கு முன்னும் பின்னும்

சிதம்பரத்து சபா ஒன்று ஆண்டுவிழாவுக்கு மலர் போடும். சாஸ்திரிய சங்கீதத்துக்காகத் தில்லியில் கொடுக்கிற தேசிய விருதின் வரலாற்றை இந்த முறை மலருக்கு நான்கு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார் செயலாளர். ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்க எனக்கு வராது. கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டு நாற்காலி முள்ளாகக் குத்தும். அதனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, பஸ் ஜன்னலோரத்தில், மடியில் புத்தகத்தை விரித்து வைத்துத்தான் அந்த விருதின் கதையைப் படித்தேன். பக்கங்கள் காற்றில் படபடக்கும். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே ஒரு பாலம் கடந்து போகும்.

விருதின் வரலாறு என்பது பெயர்களின் வரிசைதான். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தால் வரிசை அசைய ஆரம்பிக்கும். பாடுகிறவர்கள் முன்னால் நிற்கிறார்கள். வீணையும் வயலினும் பக்கத்தில். நாகஸ்வரமும் தவிலும் எங்கோ நடுநடுவே, பந்தியில் எப்படியோ இடம் கிடைத்தவர்கள் மாதிரி. படங்களைப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. பாதிப் பேருக்கு மேல் கண்ணை மூடியிருக்கிறார்கள். பாடும்போது, மீட்டும்போது, உலகம் வேண்டாம் என்கிற மாதிரி ஒரு மூடல்.

என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் நாகஸ்வரக்காரன். கடலூர் முதுநகரில் வீடு. அவன் கண்ணை மூடி வாசித்து நான் பார்த்ததே இல்லை. மூடவும் முடியாது. கல்யாணத்தில் மணவறைப் பக்கம் யாராவது ஒரு பெரியவர் விரலைத் தூக்கி ஆட்டுவார். அந்த நொடியில் எந்த ராகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவ வேண்டும். அதனால் அவன் படங்களிலெல்லாம் உதடு வாத்தியத்தில் இருக்கும், கண் பக்கவாட்டில் யாருடைய விரலையோ தேடிக்கொண்டிருக்கும்.

கட்டுரையை வாங்கிக்கொண்ட செயலாளர், "இவ்ளோ படிச்சிட்டீங்க. அப்படியே உங்க சிநேகிதருக்கும் பேப்பருங்கள ரெடி பண்ணிடுங்க. இந்த வருஷம் சபா சார்பா அந்த விருதுக்கு அவரத்தான் சிபாரிசு பண்றதா இருக்கோம்" என்றார்.

அவனிடம் சொன்னேன்.  உடனே கேட்டான்: "ப்ளேன்ல சீவாளி எடுத்துனு போவ வுடுவாங்களா மச்சான்?"

சீவாளி என்பது நாகஸ்வரத்தின் வாயில் செருகுகிற நாணல் துண்டு. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதைத் தில்லி வரைக்கும் கொண்டுபோகும் வழியை அதற்குள் யோசித்துவிட்டான். எவ்வளவு ஆசைப்படுகிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உள்ளேயிருந்து அவன் மனைவி, "மொதல்ல பேரு வரட்டும். அப்பறம் ப்ளேன் ஏறலாம்" என்றாள்.

சிபாரிசோடு அனுப்பக் கேட்டிருந்தது மூன்று. படம், வாழ்க்கைக் குறிப்பு, ஒலிப்பதிவு. ஒலிப்பதிவு ஏதாவது ஒரு பொது நிகழ்ச்சியில் வாசித்ததாக இருக்க வேண்டும். ஒரே ராகம், இருபது நிமிடம், தடங்கல் இல்லாமல். வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தது செல்லாது.

"இது ஒரு கஷ்டமா? வாரத்துக்கு மூணு கல்யாணம் வாசிக்கறேன். எல்லாத்துலயும் வீடியோ ஓடுது" என்றான்.

அந்த நம்பிக்கைதான் தப்பு. எத்தனையோ வருடமாக அவன் முகத்துக்கு நேரே கேமரா ஓடியிருக்கிறது. ஓடியதை ஒருநாளும் அவன் போட்டுப் பார்த்ததில்லை.

பதிவு தேடி முதலில் போனது தேவனாம்பட்டினம். படகு வைத்திருக்கிற குடும்பம். மகள் கல்யாணத்துக்கு அவன்தான் வாசித்திருந்தான். டிவியில் போட்டுக் காட்டினார்கள். அவன் வந்தான். கன்னம் புடைத்தது, விரல்கள் துளைகளின் மேல் ஓடின, தவில்காரர் தலையை ஆட்டினார். சத்தம் மட்டும் ஒரு சினிமா டூயட்.

"நல்லா இருக்குல்லண்ணே? பாட்டு எல்லாம் எம்மவ செலக்ட் பண்ணது" என்றார் அந்த அம்மா.

"சூப்பரா இருக்கும்மா" என்றான்.

தெருவுக்கு வந்ததும் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. இரண்டாவது வீட்டிலும் பாட்டுதான். மூன்றாவது வீட்டில் தாலி கட்டும்போது மட்டும் ஒரு கெட்டிமேளம் கேட்டது. அதுவும் எங்கேயோ ரெடிமேடாகக் கிடைத்தது, அவனுடையது இல்லை. அங்கே அவன் சிரிக்கவில்லை.

"இவ்ளோ வருஷமா ஊமப் படத்துல நடிச்சிருக்கேன் மச்சான். எனக்கே தெரில பாரு."

மறுநாள் காலை, கல்யாண வீடியோ எடுக்கிற முதுநகர் ஸ்டுடியோவுக்குப் போனோம். எடிட்டிங் செய்கிற பெண்ணுக்கு அவனைத் தெரியும். "அப்படியே வுட்டா பார்ட்டிங்க திட்டறாங்க மாமா. நாயன சத்தம் ஜாஸ்தியா இருக்கு, பாட்டு போட்டுக் குடுங்கறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினாள். எடிட் செய்யாத காட்சிகள் அதில் இருந்தன. சிதம்பரத்து மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாணம். ஒரு இயர்போன், அவனுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது.

கல்யாணி ராகம்.

சுற்றிலும் ஊரே இருந்தது அதில். நாற்காலி இழுபடுகிற சத்தம், குழந்தை அழுகை, யாரோ யாரையோ செருப்பு எங்கே என்று கேட்பது. அத்தனைக்கும் நடுவே, யாரையும் விலகச் சொல்லாமல், ராகம் தனக்கு இடம் கண்டுபிடித்துக்கொண்டு நடந்தது. மேலே போனது. மேல் ஷட்ஜத்தின் ஓரத்தில் ஒரு பிடி, நாலைந்து ஸ்வரம் சேர்ந்த ஒரு வளைவு, அதைத் திருப்பி, இன்னொரு முறை திருப்பி, முடிக்கப் போகிற இடத்தில் 'கெட்டிமேளம்! கெட்டிமேளம்!' என்று கத்தல். ராகம் ஒடிந்தது. தவில் கொட்டித் தீர்த்தது. அட்சதை விழுகிற நேரம் முழுக்க அந்தச் சத்தம்தான். ஓய்ந்ததும் அவன் வாத்தியம் திரும்ப வந்தது. எங்கே விட்டானோ அங்கேயே. பாதியில் நின்ற அதே பிடியின் மீதிப் பாதியிலிருந்து.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவனே கவனித்திருக்கவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் சொன்னான்: "ஒரு எடத்துல மத்யமம் கொஞ்சம் எறங்கிருக்கு. இன்னொரு வாட்டி போடும்மா."

நான் வெளியே வந்து செயலாளருக்குப் போன் போட்டேன். "நடுவுல கெட்டிமேளம் வருதா? அத எடுத்துட்டு ஒட்டி அனுப்பிடுங்க. தடங்கல் இருந்தா நம்ம சபா கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க. நாளைக்குத்தான் கடைசி நாள்" என்றார்.

"அஞ்சு நிமிஷ வேல மாமா" என்றாள் அந்தப் பெண். செய்தும் காட்டினாள். ஒட்டின இடம் தெரியவில்லை. ஒரே மூச்சில் வாசித்த மாதிரி, இருபது நிமிடத்துக்கு மேலேயே, சுத்தமான கல்யாணி. அதையே அனுப்பலாம் என்றுதான் நானும் சொன்னேன்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"வெரல் தூக்குனதும் வுட்டுட்டுப் போயி, திரும்பி வந்து அதே எடத்துல புடிச்சேன்ல? அதான் மச்சான் வாசிப்பு. அத வெட்டிட்டா மிச்சத்த எவன் வேணா வாசிப்பான்."

"டேய், கேட்டிருக்கறது தடங்கல் இல்லாத இருபது நிமிஷம்."

"என் சர்வீஸ்ல அப்படி ஒரு இருவது நிமிஷம் யாரு குடுத்தாங்க? இல்லாதத இருக்குன்னு எப்படி அனுப்பறது?"

"தில்லி வேணாமா உனக்கு?"

"வேணும்" என்றான் உடனே. "ஏன் வேணாம்? ரொம்ப வேணும். முழுசா அனுப்பு."

முழுசாகத்தான் அனுப்பினேன். திரும்பி வரும்போது என் நான்கு பக்கக் கட்டுரை ஞாபகத்தில் உறுத்திக்கொண்டே வந்தது. யார் யாருக்குக் கிடைத்தது என்று எழுதியிருந்தேன். கேட்கிறவர்கள் எல்லோரும் வாயை மூடி உட்கார்ந்திருக்கிற இருபது நிமிடம் யார் யாருக்கு வாய்த்தது என்று எழுதவில்லை. அந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்கவில்லை. மலர் அதற்குள் அச்சுக்குப் போய்விட்டது.

பத்து நாள் கழித்துச் செயலாளர் கூப்பிட்டார். குரலில் வருத்தம் உண்மையாகவே இருந்தது. பதிவு விதிக்குப் பொருந்தவில்லை என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்களாம். அவனுக்குப் பதிலாக ஒரு பாடகரைச் சபா சார்பாகச் சிபாரிசு செய்கிறார்களாம்.

அவனுக்குப் போன் செய்தேன். ஏதோ மண்டபத்தில் இருந்தான். பின்னால் தவிலைத் தட்டிச் சரிபார்க்கிற சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.  

"சரி மச்சான்" என்றான். "ஸ்டுடியோ பொண்ணுகிட்ட அந்தக் கல்யாண வூட்டு நம்பர் இருக்கும். வாங்கி அவுங்களுக்கு அந்தப் பதிவ அனுப்பிடறியா? அவுங்ககிட்ட இருக்கறதும் சினிமாப் பாட்டுதான். அவுங்க கல்யாணத்துல நான் என்னா வாசிச்சேன்னு பாவம் அவுங்களுக்கும் தெரியாதுல்ல."

"வெட்டினதையா, முழுசையா?"

"அவுங்களுக்குப் போயி வெட்டினத அனுப்புவியா? தாலி கட்டினதே அதுலதானடா இருக்குது" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட, போனை வைத்தான்.

நம்பர் வாங்கி அனுப்பினேன். முழுசாக.