அடுத்தவன் தலைக்கு வேண்டிக்கொண்ட மொட்டை

முன்னறையில் டெலிபோன் அடித்தது.

அடுக்களையில் கன்னியம்மாளின் இரண்டு கையும் இட்லி மாவுக்குள் இருந்தன. அந்த மணிச்சத்தம் அவள் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. அவள் வீட்டு உலையில் கொதித்த ஒவ்வொரு பிடி அரிசியும் அந்தச் சத்தம் போட்ட பிச்சையல்லவா! மாவுக் கையோடு, போலியோ தின்ற இடது காலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஓடினாள்.

"அலோ, கன்னியம்மா பூத்துங்க."

"வணக்கம் மேடம். திருமதி கன்னியம்மாள் வீராசாமி அவர்கள்தானே? வருமான வரி ரீஃபண்ட் விஷயமாகப் பேசுகிறேன். உதவி ஆணையர் சூர்யநாராயணன்."

என்ன குரல் அது! கோயில் மணியை வெல்வெட்டில் சுற்றி அடித்தது போல் இருந்தது. அதைவிட, 'மேடம்' என்ற அந்த ஒரு சொல்! ஆர்.கே.பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்த நாளிலிருந்து அவளை நொண்டிக் கன்னி என்று கூப்பிட்டவர்கள் உண்டு. ஏ பூத்தம்மா என்று கூப்பிட்டவர்கள் உண்டு. மேடம் என்று ஒரு உயிர் கூப்பிட்டதில்லை. அவள் கண்கள் குளமாகின.

ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிடைத்து, வீட்டு முன்னறையிலேயே வைத்த டெலிபோன் பூத் அது. ஊரை ஒட்டிய முருகர் மலையில் முடி கொடுத்துவிட்டு இறங்கும் ஆந்திரக்காரர்கள் ஈரச் சந்தனத் தலையோடு வந்து நகரிக்கும் புத்தூருக்கும் பேசுவார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யார் அழுதாலும் இந்தப் பக்கம் கன்னியம்மாளும் அழுவாள். பில்லைக் கிழிக்கும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. பூத்தில் ஈ ஓட்டவேண்டிய நிலை வந்ததும், அரக்கோணத்து டீலர் கோதண்டத்திடம் ரீசார்ஜ் கார்டு எடுத்து விற்க ஆரம்பித்தாள். அவள் கமிஷனில் கோதண்டம் மாதாமாதம் வரி பிடித்தார். "கவர்மெண்டுக்கும்மா, வருஷக் கடைசியில திரும்பி வந்துடும்" என்றார். மூன்று வருஷக் கடைசி வந்து போயிற்று. பணம் மட்டும் வரவில்லை.

"உங்கள் ரீஃபண்ட் இப்போது என் மேசை மேல்தான் இருக்கிறது மேடம்," என்றது குரல். "விடுவிப்புக் கட்டணம் ஒன்று பாக்கி. பணமாக வேண்டாம். ரீசார்ஜ் கார்டு எண்களை வாசித்தால் போதும்."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உஷாராகியிருப்பார்கள். ஆனால் கன்னியம்மாளின் வாழ்க்கையில் அரசாங்கம் என்றாலே டெலிபோன்தான். அவளுக்கு அது கொடுத்ததும் டெலிபோன். மாதாமாதம் பில் அனுப்பி வாங்கிக்கொண்டதும் டெலிபோன் வழியாகத்தான். அரசாங்கம் போனில் கை நீட்டாமல் வேறு எதில் நீட்டும்? கோதண்டம் கடனுக்குக் கொடுத்திருந்த ஐந்நூறு ரூபாய்க் கார்டுகள் பத்தையும் எடுத்து, காசு விளிம்பால் பக்திபூர்வமாகச் சுரண்டினாள். கையிலிருந்த இட்லி மாவின் மேல் வெள்ளித் தூள் ஒட்டிக்கொண்டது. எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒன்றில் தடுமாறியபோது, "பொறுமையாக, மேடம்" என்றான் அந்தப் பாவி.

சாயங்காலம் விசைத்தறிப் பட்டறையிலிருந்து வந்த அவள் கணவன் வீராசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"பத்து கார்டையும் சுரண்டி போன்ல படிச்சியா? அப்படியே பீரோவுல இன்னா கீதுன்னும் படிச்சிருக்கலாமே!"

"அவரு மேடம்னு கூப்ட்டாருய்யா."

"நான் மகாராணின்னு கூப்புடறேன், எனக்கு ஒரு கார்டு குடு பாக்கலாம்!"

சனிக்கிழமை கோதண்டம் போனில் பேசினார். அவர் பேச்சில் ஈரமே இல்லை. "யம்மா, கார்டு காசு வந்தாத்தான் ஆடிக் கிருத்திகைக்கு சரக்கு. இல்லாட்டி எதிர்க்கடைக்காரனுக்குக் குடுத்துடுவேன். போர்டையும் கழட்டிகினு போயிடுவேன்."

ஆடிக் கிருத்திகை! காவடியும் கூட்டமுமாக ஊரே தெரியாமல் போகும் நாட்கள். கூட்டத்தில் தொலைந்தவர்கள் தொலையாதவர்களைத் தேடிப் போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த ஒரு வார வியாபாரத்தில்தான் கன்னியம்மாளின் அரை வருஷம் ஓடும். அது போனால் கடை போயிற்று. கடை போனால், அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் எந்த வேலைக்குப் போவாள்?

கார்டு கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒன்றை அமுக்கச் சொன்னது, மூன்றை அமுக்கச் சொன்னது, பிறகு வீணை வாசித்தது. அந்த வீணையைக் கேட்டபடி ஒரு கிலோ அவரைக்காய் நறுக்கி முடித்தாள். கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம் மேடம். கார்டுகளைப் பயன்படுத்தியவரிடமிருந்து, உங்கள் அனுமதி இல்லாமல்தான் பயன்படுத்தினேன் என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்கி அனுப்புங்கள்."

"யம்மாடி, அவன் திருடன்மா. லெட்டரு எப்படிம்மா குடுப்பான்?"

"நகல் வேண்டாம் மேடம், அசல்தான் வேண்டும்."

மறுநாள் செல்லுக்குச் செய்தி வந்தது: உங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது. அதைப் படித்துவிட்டுக் கன்னியம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள். யாருக்குத் திருப்தி, யாருக்கு?

ரீஃபண்ட் என்ன ஆயிற்று என்று கேட்க வரி அலுவலகத்துக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பரந்த இந்த உலகத்தில் அவள் போனை எடுக்க ஒரு கை இல்லையா? ஆற்றாமை பொங்க, பூத் போனில் பதிவாகியிருந்த அந்தத் திருடனின் எண்ணையே அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"வணக்கம், சூர்யநாராயணன்."

"நீ திருட்டுப் பய."

இப்படி நேரடியாக அவனை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"ஆமாம் மேடம்," என்றான்.

"வெச்சிடாத! வெச்சிடாத நைனா! நீ ஒருத்தன்தான் போன எடுக்கற. நீயே சொல்லு, அரக்கோணத்து டீலரு மூணு வருஷமா வரி புடிக்கறாரு, என் ரீஃபண்டு ஏன் வரல?"

ஐயோ, அந்தக் கணத்தை என்னவென்று சொல்வது! எந்தக் கை அவளைக் கிணற்றில் தள்ளியதோ, அதே கையைப் பிடித்து மேலே ஏறப் பார்த்தாள் அந்தப் பேதை. அவனும் ஒரு காலத்தில் ஏதோ ஆடிட்டர் ஆபீசில் டீ வாங்கிக் கொடுத்து, டைப் அடித்து, துரத்தப்பட்டவன். விஷயம் தெரிந்தவன்.

"பிடித்த வரிக்கு உங்க டீலர் சர்டிபிகேட் குடுத்தாரா மேடம்?"

"அது இன்னாது?"

"சரிதான். அப்ப அவரு கட்டவே இல்ல. உங்க பணம் கவர்மெண்ட்டுகிட்ட போகவே இல்ல மேடம், அரக்கோணத்துலயே இருக்கு."

கன்னியம்மாளின் தலையில் இடி இறங்கியது. கோதண்டத்தைக் கேட்டாள். "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா," என்று சிரித்தார் அவர். மேலே கேட்டபோது போனை வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எடுக்கவில்லை.

அதன் பிறகு தினமும் திருடனிடம்தான் பேச்சு. முதலில் நாலு திட்டு, பிறகு சந்தேகம், கடைசியில் சாப்பிட்டாயா என்ற கேள்வி.

"கார்ட திருடனவனுக்கே கைக்காசு போட்டு போன் பண்றியே," என்பான் வீராசாமி. "நாளைக்கு உன் கொலுசு இன்னா வெயிட்டுன்னு கேப்பான், அதையும் சொல்லு."

"அவன் மட்டும்தான்யா என்னைக் கேள்வி கேக்க உடறான்!"

கிருத்திகை நெருங்கியது. எதிர்க்கடையில் புதுப் போர்டு மாட்ட ஆணி அடித்தார்கள். ஒவ்வொரு அடியும் தன் நெஞ்சில் இறங்குவதாய்த் துடித்த கன்னியம்மாள், மலையைப் பார்த்துக் கை கூப்பி, ஒரு காரியம் செய்தாள். செய்துவிட்டுத் திருடனுக்குப் போன் போட்டாள்.

"நைனா, உன் பேர்ல முருகருக்கு மொட்டை வேண்டிக்கினேன்."

"என்னது? என் பேர்லயா? என்னைக் கேக்காமலா?"

"நீ என்னைக் கேட்டுட்டா கார்டு எடுத்த?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"இந்தக் கணக்கு உன் கையாலயே தீரணும், தீந்தா உன் முடி அவருக்குன்னு சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. படத்துலேருந்து பூ விழுந்துச்சு."

அவன் சிரித்தான். ஆனால் மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை. அழைத்ததும் எடுத்த ஒரே ஆளும் போய்விட்டான்! அன்று கன்னியம்மாள் சோறு தொடவில்லை.

கிருத்திகைக்கு நாலு நாள் இருக்கும்போது, உச்சிவெயிலில், மொட்டைத்தலையும் சந்தனமுமாய் ஒரு நோஞ்சான் வாசலில் வந்து நின்றான். கையில் பிரசாதப் பை.

"மேடம்..."

அந்த ஒரு சொல் போதாதா! வெல்வெட்டில் சுற்றிய மணி! இந்தக் குரலா இந்த உடம்புக்குள் இருந்தது? மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த வீராசாமி ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"என் பேரு மணவாளன் மேடம்," என்றான் வந்தவன். குரல் உடைந்தது. "நீங்க வேண்டிக்கிட்ட அன்னியிலிருந்து தலை அரிக்குது. எண்ணெய மாத்தினேன், டாக்டரைப் பாத்தேன், நிக்கல. ராத்திரியெல்லாம் யாரோ தலைமாட்டுல நின்னு முடிய எண்ற மாதிரியே இருக்குது. அதான் காலைல வந்து குடுத்துட்டேன்."

"அரிப்பு நின்னுச்சா?"

"நின்னுடுச்சு மேடம்."

கன்னியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட பாவி! காரியம் முடிஞ்சாதானடா முடி? முன்னாடியே குடுத்துட்டியே!"

மணவாளன் முகம் வெளுத்தது. "குடுத்தா என்ன ஆவும்?"

"இன்னா ஆவுமா?" வீராசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தான். இது அடிதடியைவிடப் பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "முடிய வாங்கிகினு அவரு சும்மா இருப்பாரா? எங்க பெரியப்பா ஒருத்தரு நெலத் தகராறுல கேசு ஜெயிக்கறதுக்கு முன்னாடியே மொட்டை போட்டுட்டாரு. கடைசி வரைக்கும் கோர்ட்டு வாசல்லயே கெடந்தாரு. இப்ப நீ கணக்க தீர்த்தே ஆவணும் நைனா. தலைய அடகு வெச்சிட்ட."

மணவாளன் சட்டைப்பையைக் கவிழ்த்தான். ஊர் திரும்ப பஸ் காசும், இனி உதவாத ஒரு சீப்பும் விழுந்தன. கார்டுகளை எவனுக்கோ பாதி விலைக்கு விற்று, அந்தப் பணமும் கரைந்துவிட்டதாம். தரையில் உட்கார்ந்து குலுங்கி அழுதான். கன்னியம்மாளும் அழுதாள். பிறகு, பில் போடுகிற நேரத்தில் செய்வது போல, முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள்.

"காசு இல்லாட்டி போவட்டும். கொரல் இருக்குதில்ல? பூத்துக்குள்ள போ. கோதண்டத்துகிட்ட பேசு. ஆனா ஒண்ணு, ஒரு பொய் சொல்லக் கூடாது. சந்தனம் இன்னும் காயல."

"பொய் சொல்லாம எப்படி மேடம் பேசறது?" மணவாளன் உண்மையிலேயே குழம்பினான்.

கண்ணாடிக் கதவு மூடியது. நம்பரை அவளே போட்டுக் கொடுத்திருந்தாள். தெரியாத நம்பராக இருக்கட்டும் என்று வீராசாமியின் செல்லிலிருந்து. ரிசீவர் இல்லாமல் அந்தக் குரல் வராது என்று நினைத்தானோ என்னவோ, மணவாளன் இடது கையில் பூத் ரிசீவரையும் பிடித்துக்கொண்டான். முதுகு நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினான்.

"வணக்கம். கோதண்டம் அவர்கள்தானே? மணவாளன் பேசுகிறேன். கன்னியம்மாள் வீராசாமி என்பவரின் கமிஷனில் மூன்று வருஷம் வரி பிடித்திருக்கிறீர்கள். அதைக் கட்டியதற்கான ரசீது என்னிடம் வரவில்லை."

வாஸ்தவம்தான். அவனிடம் எதற்கு வரும்?

"சார்... சார் எந்த ஆபீசுங்க?" கோதண்டத்தின் அலறல் செல்லைத் தாண்டி, கண்ணாடியையும் தாண்டி வந்தது.

மணவாளன் கன்னியம்மாளைப் பார்த்தான். அவள் கூடாது என்று விரலை ஆட்டினாள்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை," என்றான் கம்பீரமாக.

அதற்குமேல் அவன் பேசவேண்டியதே இல்லாமல் போயிற்று. எதிர்முனையில் எல்லாம் தானாகக் கொட்டியது. திங்கட்கிழமை வரியைக் கட்டிவிடுகிறாராம். சர்டிபிகேட்டைக் கையிலேயே கொண்டுவந்து தருகிறாராம். கார்டு காசைத் தள்ளுபடி செய்துவிடுகிறாராம். கிருத்திகைச் சரக்கு சாயங்கால பஸ்சிலேயே வருகிறதாம்.

"குறித்துக்கொண்டேன்," என்றான் மணவாளன். பொய்யாகிவிடுமே என்று பயந்து, பில் அட்டையின் பின்புறம் அவசரமாக எல்லாவற்றையும் எழுதவும் செய்தான்.

பத்து நிமிஷத்தில் பூத் போன் அடித்தது. கோதண்டம். "யம்மா கன்னியம்மா, தாயே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! எவ்ளோ பெரிய எடத்துக்குப் போயிட்ட!"

"ஆங், பெரிய எடம்தான்," என்றாள் அவள், மலை இருக்கும் திசையைப் பார்த்து.

பஸ் கண்டக்டர் கையில் பொட்டலம் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மணவாளன் எட்டு இட்லி சாப்பிட்டு முடித்திருந்தான். எதிர்க்கடையில் ஆணி அடித்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.

"வரேன் மேடம். ரீஃபண்ட் வந்தா..."

"போன் பண்ணா எடுப்பியா?"

"அந்த நம்பர விட்டுடலாம்னு இருக்கேன்."

கன்னியம்மாளின் உதடு துடித்தது. எழுந்து வாசல்வரை போய் வழியனுப்ப அவள் நெஞ்சு பரபரத்தது. அந்த மனிதனை அவள் மன்னித்துவிட்டாள். தம்பி என்றுகூட உள்ளுக்குள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. புதுக் கார்டுப் பொட்டலத்தின் மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கால் வலிக்குது நைனா, நீ போய்ட்டு வா. சொன்னது மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ, வெயில்ல மொட்டையோட சுத்தாத."

அவன் கும்பிட்டான். படியிறங்கும்போது ஒருமுறை திரும்பி, அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டதோ என்னவோ, லேசாகச் சிரித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

"அவன் தெரு தாண்டிட்டானா பாரு," என்றாள் கன்னியம்மாள், கண்ணீர் வழிய.

"தாண்டிட்டான்," என்று சொல்லி வீராசாமி கதவைச் சாத்தினான்.