சீனத்துச் சமாதானப் பேச்சு

தொம்மலூர்ப் பெரியப்பாவின் மகள், ஆஸ்டின் டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஞாயிறுதோறும் வரத் தொடங்கியபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சரித்திர வாத்தியார். கல்லூரியில் சீன வரலாறு இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டு அக்கா வந்தாள். தாத்தா போனபிறகு வீட்டைப் பிரித்ததில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனாலும் அவளை அப்பா திருப்பி அனுப்பவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. என்னிடம் மார்க்கைத் தவிர வேறெதுவும் கேட்காத அப்பா அவளிடம் மணிக்கணக்காகப் பேசினார். அந்தக் காலத்துச் சீனப் படைத்தலைவர்களில் பீக்கிங்கைப் பிடித்து வைத்திருந்த ஜிலி கூட்டம், மஞ்சூரியாவை ஆண்ட ஃபெங்தியன் கூட்டம், இரண்டும் ரகசியமாகச் சமாதானம் பேசுவதாகப் பரவிய வதந்தி என்று போகும். நான் யாருக்கும் தராத என் கலர் பென்சிலால் அவளுக்கு மஞ்சூரியாவை வரைந்து காட்டினார்.

அவளை மிஞ்சிவிடுவது என்று அப்பாவின் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை நெட்டுருப் போட்டேன். அடுத்த ஞாயிறு இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

“ரெண்டு பக்கமும் பேச்சே நடக்கலைன்னாங்களே சித்தப்பா, அப்புறம் வதந்தி எப்படி வந்துச்சு?” என்றாள் அக்கா.

“வெளியில ஒத்துக்க மாட்டாங்கம்மா. மானப் பிரச்சினை.”

“யாராவது முதல்ல ஆள் அனுப்பணும்ல?”

“பெரியவங்கதான் அனுப்பணும்.”

“அனுப்பிட்டாங்களே சித்தப்பா.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சமயம் வாய்த்துவிட்டது.

“தப்பு. அப்படி புக்ல இல்ல. திரும்பவும் சண்டைதான் போட்டாங்க,” என்றேன்.

“சரியாத்தான் சொல்ற,” என்றார் அப்பா. அந்தப் பாராட்டில் அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை எனக்கு.

மறு ஞாயிறு அக்கா வரவில்லை, பெரியப்பா வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே தயங்கி நின்றவரை அப்பா போய், “உள்ள வாண்ணா,” என்று கூப்பிட்டார். ஹாலில் உட்கார்ந்து இருவரும் தண்ணீர் வராததைப் பற்றியே வெகுநேரம் பேசினார்கள்.

அதன்பின் அக்கா பாடத்துக்கு வரவேயில்லை. என்னிடம் தோற்றுத்தான் நின்றுவிட்டாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்து அப்பாவுக்காகக் காத்திருந்தேன். பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருந்த அவர் ஹாலிலிருந்து வரவில்லை.

அவள் பேங்க் வேலையில் சேர்ந்தபோதுதான் அவள் படித்தது காமர்ஸ் என்று எனக்குத் தெரிந்தது. சீனம் அவள் பாடத்திலேயே கிடையாது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அது உங்கப்பாவுக்கு முதல் நாளே தெரியும்,” என்றாள் அம்மா.